நுனியில் தேங்கிய நீலம்

அத்தியாயம் 9

சூளையின் நெற்றியில் இருந்த முள் இருநூற்றுப் பத்து டிகிரியில் நின்றது.

"நாளைக்குக் காலையில திறக்கலாம்ங்க," என்றார் சூளைக்காரர்.

"இப்பவே திற," என்றார் முதலாளி.

"இந்தச் சூட்டுல வெளிக்காத்து பட்டா ரெண்டா பிளந்துடும். மூணடித் தட்டு. அக்கா ரெண்டு மாசம் உயிரைக் கொடுத்துச் செஞ்சது."

"வாங்கறவங்க மத்தியானம் வராங்க. திறன்னா திற."

வக்கீலம்மா முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது; ஆனால் பட்டம் மட்டும் அவரை விடவில்லை. அவர் பக்கத்தில் நின்ற உதவியாளனை எல்லோரும் ரேடியோ என்று அழைத்தார்கள். அணைக்கிற பொத்தான் வைக்காமல் செய்துவிட்ட ரேடியோ.

"மேடம்," என்று அவன் காதருகே குனிந்தான். "முதலாளி துடிக்கறதைப் பார்த்தா, உள்ள தட்டு வேகற மாதிரி தெரியலை. வெளிய இவர்தான் வேகறார்."

"எதுக்கு வேகறார்னு யோசி."

அவர்களுக்கு இரண்டடி தள்ளித் தங்கை நின்றிருந்தாள். இரண்டு நாளுக்கு முன்பு, புதன்கிழமை காலையில், வக்கீலம்மாவின் அலுவலகப் படியேறி வந்து, "எங்க அக்காவைக் காணோம்" என்று சொன்னவள். அக்கா என்றால் இந்தப் பட்டறையின் தலைமை ஓவியக்காரி. பீங்கானில் நீலம் தீட்டுவதில் அவளுக்கு நிகர் கிடையாது என்று முதலாளியே ஒப்புக்கொள்வார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவள் போனிலிருந்து தங்கைக்கு ஒரு செய்தி வந்தது. 'தட்டு வேலை முடிஞ்சுது. கொஞ்ச நாள் தனியா இருக்கணும். தேடாதே.' அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது. போலீஸ்காரர்கள் செய்தியைப் படித்துவிட்டு, பெரிய மனுஷி தானாகப் போயிருக்கிறாள், தானாக வருவாள் என்று சொல்லிவிட்டார்கள்.

"இது அக்கா அனுப்பினது இல்லை," என்றாள் தங்கை அன்று.

"எப்படிச் சொல்றீங்க?"

கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தவள், கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "சூளை திறக்கறப்ப நீங்க அங்க இருக்கணும் மேடம். கட்டாயம் இருக்கணும்."

அதனால்தான் வக்கீலம்மா இந்த வெள்ளிக்கிழமை காலையில் இந்த அனலில் நின்றிருந்தார்.

கடைசியில் சூளைக்காரர் பாதி ஜெயித்தார். புகைப்போக்கியின் அடைப்பை இழுத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆறவிடுவது, அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது என்று முடிவானது. முதலாளி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். போகிற வழியில் தங்கையைப் பார்த்து நின்றார்.

"நீ ஏம்மா வெயில்ல வந்து கஷ்டப்படறே? குழந்தையை யார் பார்த்துக்கறா?"

அன்பாகத்தான் கேட்டார். ஆனால் தங்கையின் உதடு வெளுத்துப்போனது.

*

ஓவிய அறை முற்றத்தைத் தாண்டி, தனிக் கட்டடமாக இருந்தது. சூளைக்காரர் கதவைத் திறந்துவிட்டார். பெரிய ஜன்னல், நடுவில் சுழலும் மரப்பலகை, அதன் முன்னால் தேய்ந்துபோன முக்காலி. தூரிகைக் குவளை, வர்ணக் கிண்ணம், கை துடைக்கும் துணி எல்லாம் முக்காலிக்கு இடப்பக்கம் இருந்தன.

ரேடியோ முக்காலியில் உட்கார்ந்து, தூரிகை எடுக்கப் போவதுபோல வலது கையை நீட்டினான். கை வெறும் காற்றைப் பிடித்தது. "எல்லாம் எதிர்ப்பக்கமா இருக்கே மேடம். இந்த அறையே கண்ணாடிக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு."

"அக்காவுக்கு இடது கைப் பழக்கம்," என்றார் சூளைக்காரர். அந்த முக்காலியில் வேறொருவன் உட்கார்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ரேடியோ எழுந்துவிட்டான்.

"இந்தத் தட்டு எப்படி உருவாச்சுன்னு சொல்லுங்க," என்றார் வக்கீலம்மா. "எனக்குக் காபி கோப்பையைக் கழுவத்தான் தெரியும்."

சூளைக்காரருக்கு முதல்முறையாக முகம் இளகியது. "மூணு தட்டு போட்டோம்மா. வெள்ளை மண்ணைத் தகடாத் தட்டி அச்சு மேல போர்த்தி எடுக்கணும். இவ்வளவு பெரிசுன்னா மூணு போட்டாத்தான் ஒண்ணு தேறும். ஒண்ணு காயறப்பவே கோணிக்கிச்சு. இன்னொண்ணு முதல் சூட்டுல விரிசல் விட்டுச்சு. மிஞ்சினது இது ஒண்ணுதான். நடுவுல ஒரு பெரிய மீன், அதைச் சுத்தி அலை, விளிம்பு முழுக்க ஒரு கொடி. முந்நூறு இலைக்கு மேல இருக்கும்."

"எல்லாம் நீலத்துல?"

"வரையறப்ப நீலமே இருக்காதும்மா. கரியைக் குழைச்ச மாதிரி கறுப்பா இருக்கும். அதுக்கு மேல கண்ணாடிப் பூச்சு போட்டா கெட்டிப் பால் மாதிரி வெள்ளையா மூடிடும், ஒரு கோடுகூடத் தெரியாது. ரெண்டாவது சூட்டுலதான் பூச்சு உருகித் தெளியும். அப்பத்தான் நீலம் கண்ணுல படும்."

"அப்ப இந்தத் தட்டோட நீலத்தை இதுவரைக்கும் யாருமே பார்க்கலை."

"யாரும் பார்க்கலை."

வக்கீலம்மா ஜன்னலோரம் போய் நின்றார். "திங்கக்கிழமை நீங்க என்னென்ன பார்த்தீங்க?"

"காலையில ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தேன். அக்கா வரைஞ்சிட்டிருந்தாங்க. கொடி முக்கால் வட்டம் முடிஞ்சிருந்தது. அப்புறம் நான் சூளைப் பக்கமே இருந்துட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தட்டை எடுக்க வந்தேன், கொடி முழுசா முடிஞ்சிருந்தது. அக்கா இல்லை, வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்."

"மிச்சம் இருந்த கால் வட்டத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"அவங்க கைக்கே நாலு மணி நேரம்."

போலீஸ் போட்ட கணக்கும் இதுதான். மீதி நாலு மணி நேர வேலை முடிந்திருக்கிறது. ஆகவே அக்கா பிற்பகல்வரை இந்த அறையில் இருந்திருக்கிறாள். முதலாளியோ பதினோரு மணிக்கே காரில் கிளம்பி, நூறு மைல் தள்ளி, தட்டை வாங்குகிறவர்களோடு சாப்பிட்டு, அங்கேயே தங்கி, மறுநாள்தான் திரும்பினார். சாட்சிக்கு ஆறு பேர் இருந்தார்கள்.

"நடுவுல நீங்க யாரும் உள்ள வரலையா?"

"கதவு சாத்தியிருந்தா தட்டக் கூடாதும்மா. கை ஆடிடும். உள்ள ஆள் நடமாட்டம் இருந்துது, ஜன்னல் வழியா யாரோ கழுவின தண்ணியை ஊத்தினது தெரிஞ்சுது. அவங்கதான்னு விட்டுட்டேன்." அவர் மரப்பலகையைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் உறுத்திட்டே இருக்கு. தட்டைத் தூக்கறப்ப என் முழங்கை பட்டுத் தண்ணிக் கிண்ணம் கவிழ்ந்துடுச்சு. பதினெட்டு வருஷமா இங்கேருந்து சாமான் எடுக்கறேன். ஒரு நாளும் கவிழ்த்ததில்லை."

"ஏன்னா பதினெட்டு வருஷமா கிண்ணம் இடது பக்கம் இருந்தது," என்றார் வக்கீலம்மா.

சூளைக்காரர் முக்காலியின் வலப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே முற்றத்தில் ஏதோ இடைவிடாமல் உருண்டுகொண்டிருந்தது. தகரக் கூரையில் யாரோ கல்லை வாரி இறைப்பதுபோல ஒரு சத்தம். வந்ததிலிருந்து அது ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"அது என்ன சத்தம்?"

"மில்லு. இரும்பு உருளைக்குள்ள கூழாங்கல் போட்டுச் சுத்தினா கண்ணாடிப் பூச்சு மாவா அரையும்."

"இப்ப அரையறதுக்கு உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை," என்றார் அவர் சங்கடமாக. "வெறும் கல்லுதான். செவ்வாய்க்கிழமையிலருந்து ராத்திரி பகலா ஓடுது. புது உருளை, பழகணும், நிறுத்தவே கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டார்."

"வெறும் வாயை மெல்றவங்களைப் பார்த்திருக்கேன்," என்றான் ரேடியோ. "வெறும் கல்லை மெல்ற மில்லை இப்பத்தான் பார்க்கறேன்."

வக்கீலம்மா சுவரில் ஆணியில் தொங்கிய தடித்த தோல் முன்கச்சையை எடுத்து அவனிடம் நீட்டினார். "இதைக் கட்டிக்கோ."

"எதுக்கு மேடம்? சமையல் போட்டியா?"

"தட்டை வெளிய எடுக்கறப்ப முதலாளி பக்கத்துலயே நில்லு. தட்டு கீழ போனா, அதுக்கு முன்னாடி நீ கீழ போயிருக்கணும்."

*

நூற்று முப்பதில் கதவு திறந்தது. அனல் முகத்தில் அறைந்தது. உள்ளே, கல் பலகையின் மேல், வெளிர் வட்டமாகத் தட்டு தெரிந்தது. எங்கோ 'டிங்' என்று ஒரு மெல்லிய ஓசை வந்தது. சூளைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது ஓசை வரவில்லை.

"நானே ஒரு பக்கம் பிடிக்கறேன்," என்றார் முதலாளி. பஞ்சு வைத்த கையுறை ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

இருவரும் தட்டைத் தூக்கி நாலடி நடந்தார்கள். ஐந்தாவது அடியில் முதலாளி, "ஐயோ, சுடுது!" என்று கத்தினார். கத்துவதற்கு அரை நொடி முன்பே அவர் விரல்கள் விரிந்துவிட்டதை வக்கீலம்மா பார்த்தார்.

ரேடியோ மல்லாக்க விழுந்தான். தட்டின் ஒரு பக்கம் தொப்பென்று தோல் கச்சையின் மேல் இறங்கியது. மறுபக்கத்தைச் சூளைக்காரர் விடவே இல்லை.

"மேடம்," என்றான் தரையிலிருந்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு. "வயித்துல மீனைச் சுமக்கறது இதுதான் முதல் தடவை. சீக்கிரம் எடுங்க."

தட்டை மேஜைக்கு ஏற்றினார்கள். அங்கிருந்த எல்லோரும் மேஜையை நெருங்கினார்கள். நடுவில் அந்த மீன், இப்போதுதான் தண்ணீருக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது. செதிலுக்குச் செதில் நீலம் மாறியது. வெள்ளை விளிம்பெங்கும் கொடி ஓடியது.

வக்கீலம்மா மட்டும் தட்டைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த இலையைப் பாருங்க," என்று பிறகு குனிந்து விளிம்பில் விரல் வைத்தார். "தூரிகை முதல்ல படற இடத்துல வர்ணம் தேங்கும். சூடு பட்டா அங்க அடர்நீலம். தூரிகை விடுபடற இடம் வெளிறிப்போகும். இங்கேருந்து முக்கால் வட்டம் வரைக்கும் ஒவ்வொரு இலையிலும் காம்புதான் அடர்த்தி. காம்புல தொடங்கி நுனிக்கு இழுத்த கை." விரல் நகர்ந்தது. "இங்க பாருங்க. இந்த இலையிலருந்து எல்லாம் தலைகீழ். நுனியில நீலம் தேங்கியிருக்கு, காம்பு வெளிறிக் கிடக்கு. நுனியிலருந்து காம்புக்கு இழுத்த கை. இந்த வளைவுல வலது கைக்காரங்களுக்கு அப்படித்தான் கை வரும்."

சூளைக்காரர் மூக்கு தட்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். "ஆமா," என்றார். "கடைசிக் கால்வட்டம் அக்கா வரைஞ்சது இல்லை."

"கறுப்பா இருக்கறப்ப யாருக்கும் தெரியாது. வெள்ளைப் பூச்சு மூடினப்புறம் சுத்தமாத் தெரியாது. நீலமா மாறினாத் தெரியும்னு தொழில் தெரிஞ்ச முதலாளிக்குத் தெரியும். அதனாலதான் சூட்டோட திறக்கச் சொன்னார். அது உடையலைன்னதும் சுடுதுன்னார்."

"கட்டுக்கதை!" என்றார் முதலாளி. "அப்ப இதை வரைஞ்சது யாரு? ஆவியா?"

"தட்டு வெளிய வந்ததும் எல்லாரும் மீனைத்தான் பார்த்தாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் நேரா இந்த ஓரத்தைப் பார்த்தாங்க." வக்கீலம்மா திரும்பினார். "ஏம்மா, உனக்கு எந்தக் கைப் பழக்கம்?"

தங்கை தன் வலது கையை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு மறைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியதோ என்னவோ, வெளியே எடுத்தாள்.

"நான்தான் வரைஞ்சேன்," என்றாள்.

ரேடியோ தன் தொழிலை மறந்து அவளை வெறித்தான். துப்பறிய அழைத்தவளே துப்பாக வந்து நின்றால் அவனும்தான் என்ன செய்வான்?

"கல்யாணத்துக்கு முன்னாடி நானும் இங்கதான் வரைஞ்சேன். அக்கா போட்ட கொடி எனக்கும் வரும். திங்கக்கிழமை பத்தரைக்கு இவர் போன் பண்ணினார். உங்கக்கா எங்கிட்டச் சண்டை போட்டுட்டுப் பாதியில போயிட்டா, நாளைக்குத் தட்டு சூளைக்குப் போகணும், வேற கை பட்டது தெரிஞ்சா அவ பேர்தான் கெடும், பின்கதவு வழியா வந்து முடிச்சுக் கொடுத்துட்டுப் போன்னார். வந்தேன். வரைஞ்சேன். எல்லாத்தையும் அக்கா வைக்கற மாதிரியே இடப்பக்கம் வச்சுட்டுத் தண்ணிக் கிண்ணத்தை மட்டும் மறந்துட்டேன். மறுநாள் செய்தி வந்தது, தட்டு வேலை முடிஞ்சுதுன்னு. முடிச்சது நான். அக்காவுக்கு அது எப்படித் தெரியும்?"

"அதை அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"போலீஸ்ல சொல்லப் போறேன்னு இவர்கிட்டச் சொன்னேன் மேடம். சொல்லு, அவ அறையில கடைசியா இருந்தது நீ, கதவைச் சாத்திக்கிட்டு இருந்தது நீ, முதல்ல உன்னைத்தான் பிடிப்பாங்க, உன் குழந்தை தெருவுல நிக்கும்னார். என் வாயால சொல்லப் பயம். தட்டு சொல்லட்டும்னு உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

முதலாளி சிரிக்க முயன்றார். "சொந்தக் கதையை என் தலையில கட்டறா. நான் அன்னிக்கு ஊர்லயே இல்லை."

வக்கீலம்மா அவரைப் பொருட்படுத்தவில்லை. "நாலு மணி நேரம் அந்த அறையில தனியா இருந்தே. வித்தியாசமா ஏதாவது பார்த்தியா? கேட்டியா?"

"ஒண்ணும் இல்லை மேடம். தண்ணி மாத்த மேஜைக்கும் ஜன்னலுக்குமா நடந்தேன், வரைஞ்சேன், அவ்வளவுதான். மில்லுதான் கீழே இடிச்சுக்கிட்டே இருந்தது. டொக், டொக்னு. கை நடுங்கிடுமோன்னு பயந்துட்டே வரைஞ்சேன்."

சூளைக்காரர் நிமிர்ந்தார்.

"திங்கக்கிழமை மில்லு ஓடலையேம்மா," என்றார். "உருளையே செவ்வாய்க்கிழமைதானே மாட்டினோம்."

முற்றத்தில் வெறும் கற்கள் உருண்டுகொண்டிருந்தன.

"அந்த அறைக்குக் கீழ என்ன இருக்கு?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"மண் ஊற வைக்கற கிடங்கு. சாவி முதலாளிகிட்ட. புது மண்ணு வர்ற வரைக்கும் திறக்க வேண்டாம்னு..." சூளைக்காரர் செவ்வாய்க்கிழமை காலையில் மில்லின் பொத்தானை அழுத்திய தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோ! மில்லை நிறுத்து!"

அவன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான்.

உருளை இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மூன்று நாள் கழித்து அந்த முற்றத்துக்கு அமைதி திரும்பியது. ஓவிய அறையை ஒட்டிப் படிகள் கீழே இறங்கின. அடியில், ஈரம் வெளியேறாதபடி தகரம் அடித்த கனத்த கதவு. தங்கை கதவில் காதை வைத்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் தலையை அசைத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"சாவி," என்றார் வக்கீலம்மா.

முதலாளி மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். "தொலைஞ்சுபோச்சு."

சூளைக்காரர் சூளைக் கதவை நெம்பும் கடப்பாரையைக் கொண்டுவந்து பூட்டின் வளையத்துக்குள் கொடுத்தார். ரேடியோவும் சேர்ந்து தொங்கினான்.

"நான் யாரையும் கொல்லலை," என்று மேலிருந்து குரல் வந்தது. யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. "குழந்தைங்க கிண்ணத்துல போடற மஞ்சள் வர்ணத்துல ஈயம் இருக்குன்னு பரிசோதனை பண்ணிக் காகிதம் வாங்கி வச்சிருந்தா. செவ்வாய்க்கிழமை சுகாதார ஆபீஸ்ல கொடுக்கப் போறேன்னா. ஒரு நாள் உள்ள இருக்கட்டும், பயந்துட்டா பேசிக்கலாம்னுதான் போனைப் பிடுங்கிக்கிட்டுப் பூட்டினேன். திரும்பி வந்தப்ப தட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் எப்படித் திறப்பேன்? திறந்தா என்னன்னு சொல்வேன்? சத்தம் நிக்கட்டும்னு..."

பூட்டு தெறித்தது.

உள்ளே ஈர மண்ணின் வாடை குப்பென்று வந்தது. இடுப்புயரத்துக்கு வெள்ளை மண், அதன் மேல் நனைந்த சாக்குகள். ஒரு சாக்கு மட்டும் கீழே இழுக்கப்பட்டுச் சுருண்டு கிடந்தது. ரேடியோ டார்ச்சை அடித்தான். சாக்கின் ஓரத்தை யாரோ வாயால் உறிஞ்சி உறிஞ்சிக் கந்தலாக்கியிருந்தார்கள். அதன் பின்னால் ஒரு கால் தெரிந்தது, பாதமெல்லாம் மண் காய்ந்து, பீங்கான் போலவே.

தங்கை அசையவில்லை. வக்கீலம்மாதான் மண்டியிட்டுக் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் நெடுநேரம் இருந்தார்.

"ஆம்புலன்ஸ்," என்றார். "ஓடு!"

அதன் பிறகுதான் தங்கை விழுந்தடித்துப் போய் அக்காவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துச் சாக்கின் ஈரத்தில் முந்தானையை நனைத்து உதட்டில் பிழிந்தாள். மேலே தண்ணீரைக் கொண்டுவா, போர்வையைக் கொண்டுவா என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் முன்னால் சூளைக்காரர் கடப்பாரையை ஊன்றி நின்றிருந்தார்.

அக்காவின் கண் இமை பிரிந்தது. வெளிச்சம் தாங்காமல் மூடி, மறுபடி பிரிந்தது. இடது கையின் முட்டிகளில் தோலே இல்லை.

"அன்னிக்கு மேலே நடந்தது நீதானே?" என்றாள். குரல் உடைந்து காற்றாக வந்தது.

தங்கை தலையை ஆட்டினாள். "மில்லுன்னு நினைச்சேன்க்கா. சத்தியமா மில்லுன்னு நினைச்சேன்."

"நடையிலேயே தெரிஞ்சுது," என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துத்தான் மிச்சத்தைச் சொல்ல முடிந்தது. "வேற யாராவது நடந்திருந்தா, அவ்வளவு நேரம் தட்டியிருக்க மாட்டேன்."